9900 என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள்: வீட்டில் பேட்டரி பேக் கட்டுபவர்கள் செல் தேர்ந்தெடுப்பது எப்படி?

அம்மா கறி நிறுக்கும் சமையலறைத் தராசில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. இணையத்தில் வாங்கிய எட்டு செல்கள், ஒவ்வொன்றின் மேலும் 9900 எம்ஏஎச் (செல் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதற்கான அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தராசில் வைத்தால் 31 கிராம். பக்கத்தில் பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த ஒரு செல், 2600 என்று மட்டும் அடக்கமாகப் போட்டிருந்தது, அதை வைத்தால் 46 கிராம். இரண்டும் ஒரே பருமன், ஒரே நீளம். நாலு மடங்கு சரக்கு இருப்பதாகச் சொல்லும் செல் எப்படி எடை குறைவாக இருக்கும்? அப்புறம் சார்ஜரில் போட்டு அளந்து பார்த்தேன், 800கூட வரவில்லை.

அந்த எட்டு செல்லுக்குக் கொடுத்த காசு போகட்டும். அதை வைத்து ஒரு பெட்டியே கட்டி மாமாவிடம் கொடுத்திருந்தேன், அதுதான் வருத்தம். மாமா சனிக்கிழமை இரவானால் பிடோக் ஜெட்டிக்குத் தூண்டில் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒரு எல்இடி விளக்கு, ஒரு சின்ன மின்விசிறி, கைப்பேசிக்குக் கொஞ்சம் சார்ஜ், இவ்வளவுதான் அவருக்குத் தேவை. இரவு பத்தரைக்கே போன் வந்தது: “தம்பி, உன் பெட்டி மீனுக்கு முன்னாடியே செத்துப்போச்சுடா.”

புதிதாக இதில் இறங்குபவர்கள் முதலில் கேட்பது “எந்த செல் நல்ல செல்?” என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. எந்த வேலைக்கு என்று சொன்னால்தான் எந்த செல் என்று சொல்ல முடியும். அந்த வரிசையிலேயே போவோம்.

அதற்கு முன்னால் ஒன்று. மின்ஸ்கூட்டருக்கோ மின்சைக்கிளுக்கோ பேக் கட்டலாம் என்ற எண்ணத்தில் படிக்க வந்திருந்தால், சிங்கப்பூரில் அது வேண்டாம். பொதுப் பாதையில் ஓடும் மின்ஸ்கூட்டர் யுஎல்2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும், மின்சைக்கிள் இஎன்15194 தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வீட்டில் கட்டிய பேக்கை மாட்டினால் அந்தச் சான்றுக்கு அர்த்தமே இல்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இந்தச் சாதனங்களின் பேட்டரி தீப்பிடித்து உயிர் போயிருக்கிறது. கீழே புளோக் அடியில் யாரோ வீசிவிட்டுப்போன ஸ்கூட்டர் பேட்டரியைத் தூக்கிவந்து பிரிப்பதும் வேண்டாம், அது ஏன் வீசப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. நான் இங்கே சொல்வதெல்லாம் விளக்கு, விசிறி, ரேடியோ மாதிரியான சின்ன 12 வோல்ட் பெட்டிகளுக்கு.

முதலில் கணக்கு, அப்புறம் கடை

மாமாவின் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். விளக்கு 8 வாட், விசிறி 6 வாட், கைப்பேசிக்கு ஒரு 6 வாட். மொத்தம் 20. இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரை ஆறு மணி நேரம். 20ஐ 6ஆல் பெருக்கினால் 120 வாட் அவர். செல்லை அடிமட்டம்வரை வழித்தெடுக்கக் கூடாது, ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கட்டும் என்று வைத்தால் 150 வாட் அவர் பேக் தேவை.

இதோடு நிறுத்திவிடுகிறார்கள் பாதிப் பேர். இன்னொரு கணக்கு இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம்: ஒரே நேரத்தில் எத்தனை ஆம்பியர் இழுக்கும்? 20 வாட்டை 12.8 வோல்ட்டால் (இந்த 12 வோல்ட் பெட்டியின் சராசரி வோல்ட்) வகுத்தால் ஒன்றரை ஆம்பியருக்குச் சற்று மேல். இது ஒன்றுமே இல்லை, எந்த ஒழுங்கான செல்லும் தூங்கிக்கொண்டே தரும். ஆனால் 18 வோல்ட் டிரில்லுக்குப் பேக் கட்டுகிறீர்கள் என்றால் கதை வேறு. 300 வாட் இழுத்தால் 17 ஆம்பியர் ஆகிறது, சுவரில் பிட் சிக்கினால் அதற்கும் மேல் எகிறும். பத்து செல் போட்ட பேக்கில் இரண்டு இரண்டாகப் பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து) இருந்தால், ஒவ்வொரு செல்லும் எட்டரை ஆம்பியர் தாங்க வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும், அதாவது வாட் அவரையும் ஒரு செல்லுக்கு எத்தனை ஆம்பியர் என்பதையும், ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் கையில் இருப்பதுதான் உங்களுக்கு நல்ல செல்.

எந்த வகை?

நம் கைக்கு எட்டுவது மூன்று வகை.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு: எனிலூப் மாதிரி டபுள் ஏ செல்கள். ஒன்றுக்கு 1.2 வோல்ட், ஏறக்குறைய 2000 எம்ஏஎச். பத்து செல் சேர்த்தால் 12 வோல்ட், ஆனால் மொத்தமே 24 வாட் அவர்தான். பிள்ளைகளின் பள்ளிப் புராஜெக்ட்டுக்கு இதைத் தாண்டவே தாண்டாதீர்கள், லித்தியம் மாதிரி எரியாது, கடையில் வாங்கும் சாதாரண ஹோல்டரில் போட்டுக் கழற்றலாம். ஒரு எச்சரிக்கை, 14500 என்று ஒரு லித்தியம் செல் இருக்கிறது, பார்ப்பதற்கு அச்சு அசல் டபுள் ஏ, ஆனால் 3.7 வோல்ட். மாற்றிப் போட்டால் சாமான் போய்விடும்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த லித்தியம் அயன். 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த அதே குடும்பம்தான். சராசரி 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. 18650 என்றால் 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 21700 என்றால் 21க்கு 70. எடைக்கு அதிகச் சக்தி தருவது இதுதான். கோபம் அதிகம் வருவதும் இதற்குத்தான். சூடு எல்லை மீறினால் உள்ளே இருக்கும் உலோக ஆக்சைடு ஆக்சிஜனை விட ஆரம்பிக்கும், எரிவதற்கு வேண்டியதை அதுவே வைத்திருக்கிறது.

மூன்றாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. சராசரி 3.2 வோல்ட், முழு சார்ஜில் 3.65. எடை கூடுதல், ஆனால் பாஸ்பேட் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துவைத்திருப்பதால் அவ்வளவு சீக்கிரம் தறிகெட்டு ஓடாது. ஓடவே ஓடாது என்று சொல்லவில்லை, இதிலும் எரியும் வாயு வரும். சராசரி 18650 நானூறு, ஐந்நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியதும் தளர்ந்துவிடும், இது இரண்டாயிரத்தைத் தாண்டும். நாலு செல் சீரீஸில் (ஒன்றன் பிளஸ்ஸோடு அடுத்ததன் மைனஸ் சேர்த்து) போட்டால் 12.8 வோல்ட், பழைய 12 வோல்ட் சாமான்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும்.

மாமாவின் பெட்டிக்கு இரண்டாவது முறை நான் எடுத்தது இதைத்தான். 32700 என்ற பருமனான செல், ஒன்று 6 ஆம்பியர் அவர். நாலு சீரீஸ், இரண்டு பேரலல், மொத்தம் எட்டு செல். 12.8ஐ 12ஆல் பெருக்கினால் 153.6 வாட் அவர், தேவைப்பட்ட 150க்கு மேல் பொட்டுப்போல் கொஞ்சம். செல்களின் எடை மட்டும் ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். இதையே 3000 எம்ஏஎச் 18650இல் கட்டியிருந்தால் பதினைந்து செல், முக்கால் கிலோவுக்குள் முடிந்திருக்கும். கால் கிலோ, அரைக் கிலோ மிச்சம் பிடிக்க மாமா என்ன மலையா ஏறப்போகிறார்? முதன்முதலாகக் கட்டுபவர்கள் எல்எஃப்பியிலேயே ஆரம்பியுங்கள் என்பேன். முதுகில் சுமக்கும் சாமான், கையில் பிடிக்கும் சாமான் என்றால் மட்டும் 18650 பக்கம் போகலாம்.

செல் மேல் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது?

முதலில் ஒரு வரம்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கம்பெனிகளின் 18650 ஏறக்குறைய 3500 எம்ஏஎச்சோடு நின்றுவிடுகிறது, 21700 என்றால் பெரும்பாலும் 5000ஐ ஒட்டி. 18650 மேல் 6800, 9900 என்றெல்லாம் போட்டிருந்தால் அது கொள்ளளவு இல்லை, கற்பனை வளம்.

அடுத்து, கொள்ளளவும் ஆம்பியரும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் இழுப்பவை. சாம்சுங் 35இ என்ற செல் 3500 எம்ஏஎச், ஆனால் தொடர்ந்து தருவது 8 ஆம்பியர்தான். அதே கம்பெனியின் 25ஆர் வெறும் 2500, ஆனால் 20 ஆம்பியர் தரும். 21700இல் 50இ கிட்டத்தட்ட 5000, பத்து ஆம்பியருக்குள். மோலிசெல் பி42ஏ 4200தான், ஆனால் 45 ஆம்பியர். விளக்குக்கு 35இ, டிரில்லுக்கு 25ஆர். மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உள்தடை என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த செல்லுக்கு உள்ளேயும் கொஞ்சம் மின்தடை இருக்கும். நல்ல புது செல் 30 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 ஆம்பியர் இழுத்தால் கால் வோல்ட் விழும், செல்லுக்குள் இரண்டு வாட் சூடு. சரி, சமாளிக்கலாம். அதுவே நைந்துபோன 80 மில்லி ஓம் செல் என்றால் 0.64 வோல்ட் விழும், சூடு ஐந்து வாட். பத்து செல் என்றால் ஐம்பது வாட். மூடிய பெட்டிக்குள் ஒரு சால்டரிங் அயர்னைச் செருகிவைத்த மாதிரி. நம் ஊரில் வெளியே ஏற்கெனவே 32 டிகிரி, அது வேறு.

செல்லின் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. ஐசிஆர் என்றால் கோபால்ட், ஐஎம்ஆர் என்றால் மாங்கனீசு, ஐஎன்ஆர் என்றால் நிக்கல் கலந்தது, ஐஎஃப்ஆர் என்றால் எல்எஃப்பி. புதியவர்கள் பழைய ஐசிஆர் செல்களைத் தவிர்ப்பது நல்லது.

உச்சியில் குமிழ் வைத்த செல், உள்ளேயே சின்ன சர்க்கியூட் வைத்த செல் என்றெல்லாம் விற்பார்கள். அவை டார்ச்சுக்கு. சர்க்கியூட் இருப்பதால் நீளம் 68, 70 மில்லிமீட்டர் ஆகிவிடும். பேக் கட்டத் தட்டை உச்சி செல்லும் தனியாக ஒரு பிஎம்எஸ்ஸும்தான் சரி. பிஎம்எஸ் என்பது செல்களின் வோல்ட்டைக் கவனித்து, எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காவல் பலகை.

எங்கே வாங்குவது?

வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்தால் வேப் (மின்சிகரெட்) கடையில் வாங்குங்கள் என்பார்கள். இங்கே அந்தக் கடையே கிடையாது, அந்தச் சாமான் வைத்திருப்பதே குற்றம். மாமா காலத்தில் எதற்கெடுத்தாலும் சுங்கை ரோடு சந்தைக்குப் போவார்கள், அதுவும் 2017 ஜூலையில் மூடியாயிற்று. ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் ஹோல்டர், ஃபியூஸ், ஒயர், சுருங்கும் குழாய் எல்லாம் நேரில் பார்த்து வாங்கலாம். பக்கத்தில் இருக்கும் கணினிக் கட்டடம் சிம் லிம் ஸ்குவேர், புதிதாகப் போகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

பெரிய கம்பெனிகள் எதுவும் 18650ஐத் தனித் தனியாகப் பொதுமக்களுக்கு விற்பதில்லை, பேக் செய்யும் தொழிற்சாலைகளுக்குத்தான் கொடுக்கின்றன. ஆகவே நமக்கு வருவதெல்லாம் இடையில் யாரோ ஒருவர் கை மாறி வருவது. அந்த இடையில்தான் பழைய செல்லுக்குப் புதுச் சட்டை மாட்டப்படுகிறது. விற்பவர் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் சொல்ல வேண்டும், அந்த மாடலின் டேட்டாஷீட் (கம்பெனி வெளியிடும் விவரத் தாள்) தேடினால் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் நகர்ந்துவிடுங்கள். முதல் தடவை இரண்டே இரண்டு வாங்கி அளந்து பாருங்கள், மற்றதை அப்புறம் வாங்கலாம். தனி லித்தியம் அயன் செல்கள் 2016 ஏப்ரலிலிருந்து பயணிகள் விமானத்தில் சரக்காக ஏறுவதில்லை, அதனால் வெளியூரிலிருந்து வரவழைத்தால் பெரும்பாலும் கப்பலில் ஆடி அசைந்துதான் வரும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஐப்பசியில் ஆர்டர் போடாதீர்கள்.

பழைய லேப்டாப் செல்? பழைய சாமான் வாங்கி விற்கும் காராங்குனிக்காரரிடம் வெள்ளி இரண்டுக்குக்கூடக் கிடைக்கும், எனக்கும் ஆசைதான். ஆனால் அது இரண்டாவது, மூன்றாவது பேக்குக்கு. பிரிக்கும்போது ஸ்குரூடிரைவர் ஒரு செல்லைக் குத்தினால் அன்றைய சாயங்காலமே கெட்டுப்போகும்.

வந்ததும் செய்ய வேண்டியது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள், என் முதல் பெட்டி செத்தது இதைச் செய்யாததால்தான்.

பார்சலைப் பிரித்ததும் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் அளந்து, செல் மேலேயே மார்க்கரில் எண் போட்டு, தாளில் எழுதுங்கள். ஒரே கட்டில் வந்த புது செல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வோல்ட் காட்டும், லித்தியம் அயன் என்றால் மூன்றரை வோல்ட்டை ஒட்டி. ஒன்று 3.52, இன்னொன்று 3.51, மற்றொன்று 2.9 என்றால் அந்த மூன்றாவது செல்லுக்கு ஏதோ கதை இருக்கிறது. இரண்டு வோல்ட்டுக்குக் கீழே கிடந்த லித்தியம் அயன் செல்லைக் காப்பாற்ற முயலவே வேண்டாம். அந்த நிலையில் உள்ளே செம்புத் தகடு கரைய ஆரம்பித்திருக்கலாம், திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் போய்ப் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

அடுத்து எடை. 18650 என்றால் 44லிருந்து 50 கிராம் வரை. அம்மாவிடம் கேட்டுவிட்டுத் தராசை எடுங்கள்.

அப்புறம் கொள்ளளவு. செல்லை முழுதாக ஏற்றி, இறக்கி, எத்தனை எம்ஏஎச் வந்தது என்று காட்டும் சார்ஜர்கள் முப்பது நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கின்றன, வாங்கும்போது 32700, எல்எஃப்பி எல்லாம் ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொன்னதில் 95 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் அதைப் புது செல் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. பழைய செல் என்றால் 80க்குக் கீழே கழித்துவிடுவேன்.

கடைசிச் சோதனைக்குக் காசே வேண்டாம், பொறுமைதான் வேண்டும். முழு சார்ஜ் ஏற்றிய செல்களை இரண்டு வாரம் ஒரு தகரப் பெட்டியில், ஒன்றோடொன்று முனை படாமல் வைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 4.2இல் வைத்த லித்தியம் அயன் 4.1க்குக் கீழே இறங்கியிருந்தால் உள்ளுக்குள் கசிகிறது என்று பொருள். எல்எஃப்பிக்கு இப்படி வோல்ட்டை வைத்துச் சொல்வது கொஞ்சம் சிரமம். சார்ஜ் நின்றதும் அது தானாகவே 3.4க்குக் கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும், 3.2, 3.3லேயே நாள் முழுக்க ஓட்டும், அதனால் ஒரே கட்டில் மற்றதைவிடத் தனியாக இறங்கியது எது என்று பாருங்கள். என் எட்டில் ஒன்று அப்படி இறங்கியது, மற்ற ஏழும் 3.33இல் இருக்க, அது மட்டும் 3.26. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

பேரலலில் சேர்க்கும் செல்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும். ஒரே மாடல், ஒரே வயது, கொள்ளளவும் உள்தடையும் ஒட்டி. சேர்க்கும் நேரத்தில் வோல்ட்டும் சமமாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒன்று மற்றதற்குள் சடாரென்று பாயும்.

செல்லோடு சேர்த்து வாங்க வேண்டியவை

பிஎம்எஸ் இல்லாமல் லித்தியம் பேக் கட்டாதீர்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. நாலு செல் எல்எஃப்பி பிஎம்எஸ்ஸும் நாலு செல் லித்தியம் அயன் பிஎம்எஸ்ஸும் பார்க்க ஒரே பலகைதான். லித்தியம் அயனுக்கானது செல் 4.25 வோல்ட் வரும்வரை சும்மா இருக்கும், எல்எஃப்பிக்கு அது மரண அளவு. எந்த வகைக்கு என்று கேட்டு, எழுத்தில் பார்த்து வாங்குங்கள்.

சார்ஜரும் அப்படியே. எல்எஃப்பி நாலுக்கு 14.6 வோல்ட், லித்தியம் அயன் மூன்றுக்கு 12.6. முதலாவதை இரண்டாவதில் செருகினால் ஒரு செல்லுக்கு 4.87 வோல்ட் போகும், நடுவில் தடுக்க பிஎம்எஸ் ஒன்றுதான். வீட்டில் இரண்டு வகைப் பேக்கும் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு பிளக் வையுங்கள், நினைவாற்றலை நம்பாதீர்கள்.

செல்லின் நேர்முனையை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். நடுவில் உள்ள வட்டம்தான் பிளஸ், அதைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் விளிம்பே மைனஸ், அடிவரை முழு உடம்பும் மைனஸ்தான். நடுவே மெல்லிய பிளாஸ்டிக் சட்டை ஒன்றுதான் காவல். அதனால் ஒவ்வொரு நேர்முனையிலும் காகித வளையம் ஒட்ட வேண்டும், நூறு வளையம் சில வெள்ளிதான். சட்டை கிழிந்த செல்லை அப்படியே போடாதீர்கள்.

செல்மேல் நேராகச் சால்டர் வைக்க வேண்டாம், அந்தச் சூடு உள்ளே இருப்பதைக் கெடுக்கும். நிக்கல் பட்டையைச் செல்மேல் நொடியில் பற்றவைக்கும் ஸ்பாட் வெல்டர் இல்லையா, திருகு முனை வைத்தே வரும் 32700 செல்களை வாங்குங்கள், நட்டு போட்டு முடுக்கினால் போதும். நிக்கல் பட்டை வாங்கினால் சுத்த நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்று பாருங்கள். கீறி உப்புத் தண்ணீரில் ஒரு நாள் போட்டால் இரும்பு துருப்பிடித்துக் காட்டிக்கொடுக்கும். கடற்கரைக்குப் போகும் பெட்டிக்கு இது ரொம்பவே முக்கியம். நேர்முனையிலிருந்து வெளியே வரும் ஒயரில் செல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், ஒன்றரை ஆம்பியர் வேலைக்கு 5 ஆம்பியர் போதும்.

முதல் சார்ஜின்போது பக்கத்திலேயே இருங்கள். படுக்கப் போகும்போது போட்டுவிட்டுப் போவது, வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்து ஏற்றுவது இரண்டும் கூடாது. எரிந்தால் வெளியேற வழி அதுதானே. புகையோ உஸ் என்ற சத்தமோ வந்தால் ஆட்களோடு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு 995ஐ அழையுங்கள். விமானத்தில் ஊருக்கு எடுத்துப்போகும் யோசனையும் வேண்டாம். 100 வாட் அவரைத் தாண்டினாலே விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், வீட்டில் கட்டிய பெட்டியை ஸ்கேனரில் பார்த்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

கழித்த செல்களைச் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் இருக்கும் மின்கழிவுப் பெட்டியில் போடலாம்; 2021 ஜூலையில் அல்பா நிறுவனம் அவற்றைத் திரட்டத் தொடங்கியது. உப்பிய செல், அடிபட்ட செல் என்றால் பெட்டியில் போடாமல், அதைத் திரட்டும் நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியை மூடியதும் மேலே மார்க்கரில் எழுதுங்கள். மாமாவின் பெட்டியில் நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: எல்எஃப்பி, நாலு சீரீஸ் இரண்டு பேரலல், 14.6 சார்ஜர் மட்டும், கட்டிய தேதி, என் போன் நம்பர். அதன் கீழே மாமா அவர் கையெழுத்தில் சேர்த்தது: இரைப் பெட்டியை இதன் மேல் வைக்காதே.